வட்ட ஜன்னலுக்குக் கீழே

எனக்கு வாய் நீளம். அண்ணி சொல்லித்தான் இது ஊருக்குத் தெரிந்தது என்றாலும், பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு, பேச ஆளில்லாத ஒரு கல் சத்திரத்தில் என் முப்பது வயதுகளைக் கழித்தேன். சுவரோடு பேசினேன், அடுப்போடு பேசினேன், கோபம் வந்தால் கர்த்தரோடும் பேசினேன். பதில் சொன்னது அடுப்பு மட்டும்தான், அதுவும் ஈர விறகு வைத்த நாட்களில்.

சத்திரம் ஜவ்வாது மலைமேல் இருந்தது. படவேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி மலையேற வேண்டும். விடியலில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அதே பாதை சத்திரத்தைக் கடந்து மேற்கே புதூர்நாட்டுப் பக்கம் போகும். கீழே எல்லோரும் அதை ஜெர்மன் சத்திரம் என்பார்கள். மலைக்காரர்கள் 'அந்த வூடு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு பெயர் வைத்துக் கூப்பிடக்கூட மனசு வரவில்லையா இவர்களுக்கு என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். பம்பாய்க்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. இறந்தாரா, வேறு குடும்பம் வைத்தாரா என்று ஒரு தகவலும் இல்லை. போனவர் போனவர்தான். சந்தவாசலில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அங்கே எனக்குச் சோறு இருந்தது, இடம் இல்லை. நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுப்பேன். அறுப்புக் காலத்தில் மூட்டை கூடினால் என் பாய் குறுகும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். சத்திரத்தை நடத்தி வந்த டவுன் சர்ச் கமிட்டிக்குச் சமைக்கவும் காவலிருக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் போதகர் சொன்னதும், அண்ணியின் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப் போல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சத்திரத்தின் கதையை எனக்குச் சொன்னவர் கமிட்டியின் காரியதரிசி. என்னைக் கொண்டுபோய் விட அவரே கூட ஏறி வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, வழி முழுக்கச் சொன்னார்.

கட்டியவர்கள் ஒரு ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் அவருடைய தம்பியும். சொந்த தேசத்தில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறி வந்தவர்கள். சமவெளி வெயில் தாங்காமல் மலைமேல் குடியேறினார்கள். காப்பிச் செடி போட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. சந்தைக்குப் புளியும் தேனும் சுமந்து போகிற மலைக்காரர்கள் மழையில் மரத்தடியில் ஒடுங்கிக் கிடப்பதை அந்த அம்மாள் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஒரு சத்திரம் கட்டிக் கொடுத்தால் என்ன என்று புருஷனைப் பிடுங்கி எடுத்தாளாம். கூலி அதிகம் தருகிறோம் என்று சொல்லியும் மலைக்காரர்களில் ஒருவர்கூடக் கல் தூக்க வரவில்லை. கீழேயிருந்து கல்தச்சர்களைக் கூட்டிவந்து வேலையை முடித்தார்கள்.

"கல்லுக்கு மட்டும் கஷ்டமே இல்லம்மா. பெரிய பெரிய தட்டைக் கல்லா மேலேயே கெடச்சுது. உடைக்க வேணாம், செதுக்க வேணாம். கர்த்தரோட கிருபை" என்றார் காரியதரிசி.

கட்டி முடித்து இரண்டொரு வருடத்தில் அந்த அம்மாள் காய்ச்சலில் இறந்துபோனாள். சத்திரத்துக்குப் பின்னாலேயே புதைத்தார்கள். பிறகு பெரிய யுத்தம் வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் எதிரி நாட்டுக்காரர்கள் என்று சர்க்கார் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்து, அப்புறம் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. போகும்போது சத்திரத்தைக் கமிட்டியின் கையில் ஒப்படைத்து, மலை ஜனங்களுக்காகக் கட்டியது, அவர்களுக்காகவே நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம். வாசல் நிலைக்கு மேலே ஜெர்மன் எழுத்தில் ஒரு வரி வெட்டியிருந்தது. எவர் வந்தாலும் வரட்டும் என்று அதற்கு அர்த்தம் என்றார் காரியதரிசி.

முதல் நாள் அந்தக் கட்டடத்தைப் பார்த்து அசந்துதான் போனேன். கைவிரித்து அளக்கிற தடிமனில் சுவர். ஓடு கிடையாது, கீற்று கிடையாது, கூரையும் கல்தான், பலகை பலகையாக. இரண்டு நீளமான அறைகள். சுவரோரம் வரிசையாகக் கல் கட்டில். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். மற்ற ஜன்னல்களெல்லாம் மரச்சட்டம் போட்ட சாதாரண ஜன்னல்கள். இது மட்டும் ஒரே பெரிய பலகைக் கல்லில் வட்டமாகக் குடைந்த ஓட்டை. ஒரு ஆள் தலையை நீட்டலாம், தோள் நுழையாது. அதன் விளிம்பு கை பட்டுப் பட்டுத் தேய்ந்த மாதிரி வழவழவென்றிருக்கும். அந்த ஜன்னல் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. வேலை முடிந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பக்கம் மட்டும் சுற்றுச்சுவர் கிடையாது. பாதை அங்கிருந்து நன்றாகத் தெரியும், யாராவது வந்தால் பார்க்கலாம்.

யார் வந்தார்கள்? ஆரம்பத்தில் கொஞ்சம் பேர் வந்தார்கள். சந்தனமரம் பார்க்க வருகிற ஃபாரஸ்ட் ஆட்கள், அம்மை குத்த வருகிறவர்கள், எலெக்ஷன் பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். ரசம் வைத்தால் உறிஞ்சிக் குடித்துவிட்டு, காலையில் போய்விடுவார்கள். அப்புறம் புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ரோடு வந்தது. அவர்களெல்லாம் ஜீப்பில் போக ஆரம்பித்தார்கள். எங்கள் பாதையில் புல் முளைத்தது. மலைக்காரர்கள் மட்டும் அதே பாதையில் தலைச்சுமையோடு நடந்தார்கள். சத்திரத்துக்கு நேராக வரும்போது எல்லோரும் பாதையின் மறு ஓரத்துக்கு ஒதுங்கிப் போவார்கள். மழை அடித்து ஊற்றுகிற நாளில்கூட, பத்து அடி தள்ளி இவ்வளவு பெரிய கூரை இருக்க, நனைந்துகொண்டே போவார்கள். வாசலில் நின்று, "வாங்களேன், உள்ள வந்து ஒதுங்கிட்டுப் போங்க" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவேன். தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் அவர்களுக்கு ஆகாதவளா? கீழ்நாட்டுக்காரி என்றா, வேதக்காரி என்றா, புருஷன் விட்டுப்போனவள் என்றா? எது என்று தெரிந்தாலாவது சண்டை போடலாம். மாலையில் மூடுபனி இறங்கிப் பாதையும் மறைந்துபோகும். அந்த நேரத்தில் தனிமை என்னை நன்றாக வாட்டும். இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று நின்றுகொண்டிருப்பேன்.

எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தவள் ஒரே ஒருத்திதான். பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து வாரத்துக்கு ஒரு தரம் விறகு கொண்டுவருவாள். என் வயதுதான் இருக்கும். சுற்றுச்சுவருக்கு வெளியிலேயே கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, "யக்கா, விறகு!" என்று கூவுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்று வம்பளப்போம். காப்பி கொடுத்தால் சுவர்மேல் வைக்கச் சொல்லி எடுத்துக் குடிப்பாள். உள்ளே மட்டும் வர மாட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தச் சோறு. நான் போன முதல் வருடம் தை மாதம் அது. சாமை அறுத்து அடித்து வீட்டுக்கு வந்துவிட்ட காலம். ஒரு நாள் காலையில் எழுந்து வட்ட ஜன்னலில் எட்டிப் பார்த்தால், வெளியே சுவரோரம் மந்தாரை இலையில் சாமைச் சோறு. மேலே மொச்சைக் குழம்பு. இன்னும் சூடு ஆறவில்லை. ஒரு ஆளையும் காணோம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எப்போதும் உட்காருகிற ஜன்னலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், கூச்சப்பட்டுக்கொண்டு வாசலுக்கு வராமல் இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஒரே சந்தோஷம். எடுத்துவந்து வாயில் வைத்தால், உப்பில்லை. ஒரு கல் உப்புக்கூட இல்லை. குழம்பிலும் இல்லை. பாவம், கீழே சந்தையிலிருந்து சுமக்க வேண்டிய உப்பு, சிக்கனமாக இருக்கிறார்கள் என்று நினைத்து, நானே உப்பைப் பிசைந்து ஒரு பருக்கை மீதியில்லாமல் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. விருந்து வீட்டில் மடிப்பதைப் போல இலையை என் பக்கமாக மடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தேன்.

அடுத்த வருடத் தையில் இரண்டு இலை இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு வீட்டில் என்னை நினைக்கிறார்கள்! ஒரு இலையில் உப்பும் காரமும் கச்சிதமாக இருந்தது. இன்னொன்றில் பழையபடி உப்பே இல்லை. அதை மட்டும் உப்புப் போட்டு ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். இந்த ஊரில் ஒருத்திக்குச் சமைக்கத் தெரியும், இன்னொருத்திக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

விறகுக்காரியிடம் இதைச் சொல்லாமல் இருப்பேனா?

"ஏன்டி, தையில எனக்குச் சோறு வெக்கறது ஒன் வூடா?"

"இந்த வருசம் ஒரு எலை எங்க வூட்டுதுதான்க்கா."

"எது, உப்பு போட்டதா, போடாததா?"

"போட்டது."

"பொழச்ச போ. அந்த இன்னொருத்தி எவடி? உப்புன்னு ஒண்ணு ஒலகத்துல கீதுன்னு அவளுக்கு யாராவது சொல்லக்கூடாதா? அவ புருசன் எப்டித்தான் துன்றானோ!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் நான் அந்தப் பேரில்லாத சமையல்காரியைத் திட்டுவதும் அவள் சிரிப்பதும் எங்களுக்குள் வழக்கமாகிப் போயிற்று. வருடம் முழுக்க எனக்கு அந்த இரண்டு இலைதான் பலம். கோபம் வரும்போதெல்லாம், சரி, உள்ளே வராவிட்டால் போகிறார்கள், என் நினைப்பு இருக்கிறது அவர்களுக்கு என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

காரியதரிசி வருடத்துக்கு ஒரு தரம் மலையேறி வருவார். குடையை மடித்துவிட்டு உட்கார்ந்ததும் முதலில் கேட்பது ஒரே கேள்வி.

"மலை ஜனங்க யாராச்சும் வந்து தங்கினாங்களாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"ஒருத்தர்கூடவா?"

"மழைக்குக்கூட ஒதுங்கலீங்க."

ஜீப் ரோடு வந்து, மற்ற ஆட்களும் நின்றுபோன பிறகு அவர் முகம் வருடத்துக்கு வருடம் வாடிக்கொண்டே வந்தது. எண்பதுகள் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு தரம் கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவங்களுக்குன்னு கட்டினது. அவங்களே வரலன்னா எதுக்கு வெச்சுக்கிட்டிருக்கறதுன்னு கமிட்டியில கேக்கறாங்க. அடுத்த வருஷம் நான் வரும்போது ஒரே ஒருத்தராவது தங்கினாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கணும். இல்லன்னா பூட்டிடுவாங்கம்மா."

பூட்டினால் நான் எங்கே போவேன்? நெல் மூட்டைக்குப் பக்கத்தில்தான். அந்த நினைப்பே எனக்குக் காய்ச்சல் வரவழைத்தது. தனிமை பொல்லாததுதான், ஆனால் இங்கே என் பாயை யாரும் தள்ளவில்லை.

அடுத்த வாரம் விறகு வந்ததும் என் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சுவருக்கு மேல் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு ராத்திரி. ஒன் புருசனையும் கூட்டினு வந்து படுத்துட்டுப் போடி. கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறேன். இல்லன்னா என்ன வூட்ட வுட்டு அனுப்பிடுவாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேற இன்னா வேணும்னாலும் கேளுக்கா. அது மட்டும் வேணாம்."

"ஏன், நான் இன்னா பண்ணேன் ஒங்களுக்கு?"

"நீ ஒண்ணும் பண்லக்கா." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருடம் மழை விட்ட பிறகு, பாலுக்கு வைத்திருந்த என் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. திட்டிக்கொண்டே தேடிப்போனேன். மேற்கே ஒரு மேடு உண்டு. அந்தப் பக்கம் எனக்கு வேலையே இருந்ததில்லை. ஆடு மேட்டின்மேல் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. ஏறிப் போனால், அங்கே வரிசையாகக் கல்வீடுகள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லை மூடி, இடுப்பு உயரத்துக்கு. சின்னச் சின்னப் பெட்டிகளைப் போல இருந்தன. பாதிக்கு மேல் பிடுங்கப்பட்டு வெறும் குழியாகக் கிடந்தன. மீதியிருந்த ஒன்றின் முன்பலகையில் ஓர் ஓட்டை குடைந்திருந்தது. வட்டமான ஓட்டை. ஒரு ஆள் தலையை நீட்டலாம், தோள் நுழையாது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. என் கை அதை நன்றாக அறியும்.

"யக்கா! அங்க எதுக்குப் போன? செருப்பக் கழட்டிட்டு எறங்கி வா மொதல்ல!"

விறகுக்காரி. கீழேயிருந்து என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். மேட்டின் அடிவாரத்திலேயே நின்றுவிட்டாள்.

"இது இன்னா எடம்?" என்றேன்.

"வாலியர் வூடு. எங்களுக்கு முன்ன இந்த மலைல இருந்தவங்க. குள்ளமா இருப்பாங்களாம். செத்தவங்கள இதுல வெச்சு மூடிடுவாங்க."

"இந்த ஓட்டை?"

"அவங்க போவ, வர."

குழிகளைக் காட்டினேன். "இங்க இருந்த கல்லெல்லாம்?"

எனக்குத் தெரியாது என்பதையே அவளால் நம்ப முடியவில்லை. "தொரைங்கதான் பிடுங்கினு போய் ஒன் வூட்ட கட்னாங்க. வேணாம்னு எங்காளுங்க அப்பவே சொன்னாங்களாம். அவங்களுக்குப் பாஷை புரியல. கல்லு போன எடத்துக்குத்தான அவங்களும் போவாங்க? எல்லாரும் இப்ப அங்கதான் கீறாங்க. அந்தத் தொரசானியும் அங்கியே செத்து அவங்களோட சேந்துட்டாங்க."

மழையில் நனைகிறவர்களுக்குக் கூரை வேண்டும் என்று ஆசைப்பட்டாள் அந்த அம்மாள். கர்த்தரின் கிருபை என்று எடுத்த கல் அத்தனையும் கல்லறைக் கல். அவர்கள் மனசாரச் செய்த நல்ல காரியத்தின் பக்கம் இத்தனை காலமாக ஒருவரும் தலைவைத்துப் படுக்காததன் காரணம் இவ்வளவுதான். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது.

"அப்ப தையில ஜன்னலுக்குக் கீழ வெக்கறது?"

"அது அவங்களுக்கு வெக்கறதுதான்க்கா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

நான் ஆட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் காது கொடுக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும். வாசலுக்குள் நுழைந்து கதவை அடைத்துக்கொண்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் வர மாட்டாள் என்று இப்போது நன்றாகத் தெரியும்.

செத்தவர்களோடு இத்தனை வருடம் படுத்திருந்தேன் என்று பயம் வரவில்லை. கல்லறைக் கல்லுக்குப் பயந்தால் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டியதுதான். எனக்கு அவமானமாக இருந்தது. யாரோ எனக்கென்று அடுப்பு மூட்டினார்கள், என் முகத்தை நினைத்துச் சோறு வடித்தார்கள் என்று நம்பியல்லவா இருந்தேன்? ஒருவரும் எனக்காக எதுவும் செய்யவில்லை. செத்தவர்களுக்கு வைத்த படையலை எடுத்துத் தின்றுவிட்டு, உப்பில்லை என்று குறையும் சொல்லியிருக்கிறேன். அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று இப்போது புரிந்தது. அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. கல் கட்டிலில் சுருண்டு படுத்து, வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு விறகு வந்தால் நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. "யக்கா, விறகு" என்று இரண்டு தரம் கூப்பிடுவாள். சத்தம் காட்டாமல் இருப்பேன். கட்டை வைத்துவிட்டுப் போவாள். சுவரோடு பேசுவதையும் விட்டுவிட்டேன். தை வந்தது. ஜன்னலுக்குக் கீழே இரண்டு இலை வந்தது. மொச்சை வாசம் உள்ளே வரைக்கும் அடித்தது. நான் தொடவில்லை. எறும்பு மொய்த்தது, அணில் கிளறியது, இலை வெயிலில் காய்ந்து சுருண்டது. உங்களுக்கு வைத்தது, நீங்களே சாப்பிடுங்கள் என்று கல்லைப் பார்த்துச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் காரியதரிசி வந்தார். போன வருடத்தைவிடத் தளர்ந்திருந்தார். அவர் தண்ணீர் குடித்து முடித்துக் கேட்பதற்கு முன்னாலேயே நான் இல்லை என்று தலையாட்டினேன். ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை. அப்போது சுவருக்கு வெளியே விறகுக் கட்டு விழுகிற சத்தம் கேட்டது. எப்போதும் கூவுகிறவள், அன்றைக்குக் கூவாமல் எம்பி எம்பி உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்ததைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

காரியதரிசி எழுந்து சுவரண்டை போனார். "ஏம்மா, உங்களுக்குன்னு கட்டின எடம் இது. இலவசமாத் தங்கலாம். மழைக்குக்கூட வரமாட்டேங்கறீங்களே, ஏன்?"

"அது செத்தவங்க வூடுங்க ஐயா. உசுரோட கீறவங்க எப்டிப் படுக்கறது?"

அவர் சிரித்தார். "இந்தம்மா இங்கதான படுக்கறாங்க. இவங்க உசுரோட இல்லையா?"

"அதுக்குத்தானங்க ஐயா அவங்களுக்கு மட்டும் உப்பு போட்டுத் தனியா ஆக்கறோம்."

காரியதரிசிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் அவருக்குச் சொல்வதுபோல் என்னைப் பார்த்தே சொன்னாள்.

"செத்தவங்க சோத்துல உப்பு போட மாட்டோங்க. இவங்க வந்த மொத வருசம் எப்பவும் போல ஒரு எலதான் வெச்சோம். மறுநாளு பாத்தா, எலைய மடிச்சு மேல கல்ல வெச்சு கீது. செத்தவங்க எலைய மடிப்பாங்களா? அப்பதான் தெரிஞ்சுது, உள்ள கீறவங்க எடுத்துத் துன்ட்டாங்கன்னு. ஊர்ல செலரு சத்தம் போட்டாங்க. நாங்க பொம்பளைங்கதான் சொன்னோம், ஒண்டியா கீறாங்க, பசிக்குத் துன்னாங்க, உசுரோட கீறவங்களுக்கு உப்பில்லாத சோத்தப் போட்டா நமக்குத்தான் பாவம்னு. அதுல இருந்து அவங்களுக்கு ஒண்ணு, இவங்களுக்கு ஒண்ணு. வருசத்துக்கு ஒரு வூட்டு மொறை. ரெண்டையும் இவங்களே துன்ட்டு, ஒருத்திக்குச் சமைக்கத் தெரியலன்னு என்கிட்டயே குத்தம் சொல்லுவாங்க. அந்தச் சிரிப்ப எங்க போய்ச் சொல்ல!"

"மேட்டுல வெச்சே ஏன்டி சொல்லல?" என்றேன்.

"நீ எங்க கேட்ட? ஆட்டப் புட்சினு திரும்பிக்கூடப் பாக்காம போய்ட்ட. இந்த வருசம் எலைய மடிக்கவே இல்ல. கூப்ட்டாலும் கொரல் குடுக்கறது இல்ல. செத்துகித்துப் போய்ட்டாங்களான்னு ஊரே கேக்குது. இன்னிக்கு எப்டியாவது பாத்துட்டு வான்னு அனுப்பனாங்க."

நான் அழுதேன். யார் எதிரில் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். காரியதரிசி, சத்திரம் பூட்டப்போகிறதே என்று அழுகிறேன் என நினைத்து ஆறுதல் சொன்னார். அவர் காதில் உப்பு விழவில்லை. செத்தவர்கள் வீடு என்பது மட்டும் விழுந்தது. "அப்ப இது எந்தக் காலத்துலயும் நடக்காதும்மா" என்று வெகுநேரம் வாசல் நிலைக்கு மேலிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காகவும் எனக்குப் பாவமாக இருந்தது.

கோடை பிறப்பதற்குள் கமிட்டி முடிவு செய்துவிட்டது. பூட்டைக் கொண்டுவந்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆட்டை விறகுக்காரிக்குக் கொடுத்தேன். பெட்டியை அவளே தலையில் வைத்துக்கொண்டு பாதி மலை வரைக்கும் வந்தாள். கீழ்நாட்டு வெயில் தெரிகிற இடத்தில் பெட்டியை என் தலைக்கு மாற்றிவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்தாள். மந்தாரை இலையில் கட்டிய சாமைச் சோறு.

"உப்பு பாத்துதான் போட்டுக்கீறேன்" என்றாள்.

"பாப்போம், பாப்போம். ஒங்க ஊர்க்காரிங்கள நம்ப முடியாது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் ஏறிப் போனாள். நான் இறங்கினேன்.

படவேட்டில் சந்தவாசல் பஸ் வர நேரமிருந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். உப்பு சரியாக இருந்தது. ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் இலையை என் பக்கமாக மடித்து, மரத்தின் வேரண்டை வைத்து, மேலே ஒரு கல்லை வைத்தேன். பஸ் ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்த பிறகுதான், அதை வந்து பார்க்க அங்கே யாரும் இல்லை என்பது எனக்கு உறைத்தது.